அக்காவின் ஏழரையும் எங்கள் எர்ணாகுளம் ரயிலும்

ஆலப்புழைக் காயலில் ஒரு படகின் முன்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரையில் போகிற வருகிற எல்லாருக்கும் கையசைத்துக்கொண்டே போன கிழவன் ஒருவனை யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்குக் கையசைத்தேன். சைக்கிளில் போன பாதிரியாருக்கு அசைத்தேன். ஒரு வாத்துக் கூட்டத்துக்குக்கூட அசைத்தேன். "போதுங்க, தோள்பட்ட வலிக்கப் போவுது" என்றாள் மனைவி. வலித்தது. காரைக்காலுக்குத் திரும்பிய பிறகும் வலிக்கிறது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுபத்து மூன்று வயதுவரை இப்படி ஒரு சுகத்தைத் தள்ளிப்போட்ட முட்டாளுக்குத் தோள்பட்டை வலி மிகச் சிறிய தண்டனை.

தள்ளிப்போட்டது எனக்காக மட்டும் என்றால் பரவாயில்லை. அவளுக்கும் சேர்த்துத் தள்ளிப்போட்டேன். இந்தத் தடவையும் கெடுத்திருப்பேன், நூலிழையில் தப்பியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். படகைப் பற்றி ஆரம்பித்தால் வாத்துவரைக்கும் போய்விடுகிறேன், மன்னிக்க வேண்டும்.

காரைக்காலில் வீடு வைத்திருப்பவனுடைய வாழ்க்கை கொஞ்சம் வேறு மாதிரி. பக்கத்தில் திருநள்ளாறு. எங்கள் சொந்தத்தில் எந்த ஊரில் யாருக்குச் சனி பிடித்தாலும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். யாருக்கு ஏழரை, யாருக்கு அஷ்டமம், யாருக்கு எப்போது விடுகிறது என்பதெல்லாம் என் மனைவிக்கு மனப்பாடம். பக்தியால் அல்ல, இட்லிக்கு எவ்வளவு அரிசி ஊறப்போடுவது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்குவார்கள். சனிக்கிழமை விடிகிற நேரத்தில் நல்லெண்ணெய், பழைய துணி, எள் பொட்டலம் எல்லாம் எடுத்துக்கொண்டு, பெட்டியோடு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வர மாட்டார்கள். சனீஸ்வரனைப் பார்த்துவிட்டு வேறு யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்கக் கூடாது, நேராகத் தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது வழக்கம். மீறினால், தொலைத்துவிட்டு வந்ததை அங்கே இறக்கி வைத்த மாதிரி ஆகிவிடுமாம். எங்கள் வாசலுக்கு எதிரே வேனை நிறுத்தி, கீழே இறங்காமல், சன்னல் வழியாக "போயிட்டு வர்றோங்க" என்று சொல்லிவிட்டு மறந்துபோன பல்செட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள்கூட உண்டு.

கூட வரும் ஆண்களில் சிலருக்குச் சனீஸ்வரன் மேல் இருப்பதைவிட எங்கள் ஊர் மதுக்கடைகளின் மேல் பக்தி அதிகம். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்தப் பயணத்துக்கும் மனிதன் இரண்டு காரணம் வைத்துக்கொள்வது நல்லது: வீட்டில் சொல்ல ஒன்று, தனக்கு ஒன்று.

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதுவும் போகாமல் இருப்பதற்கு. தொலைபேசியில் யார் "வரலாமா" என்று கேட்டாலும் "வாங்க, வாங்க" என்று சொல்லிவிடுவேன். ஊட்டிக்குப் போவதாக இருந்தபோது மாமாவின் அஷ்டமத்துச் சனி வந்தது. கன்னியாகுமரி கிளம்பப் பெட்டி கட்டிய பிறகு ஒரு சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மனைவி பெட்டியிலிருந்து துணியை எடுத்து மறுபடியும் பீரோவில் வைத்தாள். "வர்றவங்கள வேணாம்னா சொல்ல முடியும்?" என்று நானே அவளிடம் கேட்பேன், ஏதோ பெரிய தர்மவான் மாதிரி. ஊரிலும் எனக்கு அந்தப் பெயர்தான்.

உண்மை வேறு. எனக்குப் பயம். வெளியூர்க் குளியலறைகளை நினைத்தாலே பயம். தாழ்ப்பாள் விழுமா, தண்ணீர் வருமா, வழுக்குமா, அவசரத்துக்கு எங்கே ஓடுவது என்று யோசித்து யோசித்தே ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பேன். மேல்நிலைப் பள்ளியில் வாழ்நாளெல்லாம் இயற்பியல் நடத்தியவன், கிரகங்களின் பாதையைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவன், தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவுக்குப் பயந்து மனைவியைக் கடைத்தெருவுக்கும் கடற்கரைக்கும் மட்டுமே கூட்டிப்போனான். விருந்தாளிகள் எனக்குத் தொந்தரவே இல்லை. அவர்கள் என் குடை. அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் நனையாமல் இருந்துவிட்டேன். நனைய ஆசைப்பட்டவளையும் பிடித்து நிறுத்திவிட்டேன்.

அவளுக்குப் படகு ஆசை. அவள் கைப்பேசிக்கு அது எப்படியோ தெரிந்துபோய்விட்டது. திறந்தால் படகு, தள்ளினால் படகு. முன்பெல்லாம் அவள் பார்ப்பதைப் பார்த்து, "வேலையத்தவங்க எடுக்குறது, வேலையத்தவங்க பாக்குறது" என்று சொல்லுவேன். இப்போது சொல்வதில்லை. எழுபது நெருங்கும் ஒருத்தி மத்தியானத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, பார்க்காத ஊரின் தண்ணீரைப் பார்ப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? வயதான பிறகு கேளிக்கையை இளக்காரமாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. நானே அப்படிப் பேசியவன்தான். மனசுக்குள் ஆசையை வைத்துப் பூட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

எர்ணாகுளத்துக்கு எங்கள் ஊரிலிருந்தே ரயில் கிளம்புகிறது. சாயங்காலம் ஏறினால் காலையில் அங்கே. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் என்னைக் கேட்காமலே சீட்டு எடுத்து, இரண்டு பேருக்கும் கீழ்ப்படுக்கை வாங்கி, ஆலப்புழைப் படகுக்கும் சொல்லிவிட்டாள். "அப்பாகிட்ட கேட்டா நடக்காதும்மா" என்றாளாம். கேட்கவே சங்கடமாக இருந்தது, சரியாகவும் இருந்தது. இந்தத் தடவை எது வந்தாலும் போகிறோம் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் ரயில்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா கூப்பிட்டாள். எனக்கு மூத்தவள், கும்பகோணத்தில் மகனோடு இருக்கிறாள்.

"தம்பி, நாளைக்கு சனிக்கிழம. எனக்கு ஏழர முடியிற நேரம். ஒரு முழுக்குப் போட்டுடலாம்னு பாக்குறேன். நீ வீட்டுலதான இருப்ப?"

"வாக்கா, வா."

வாய் சொல்லிவிட்டது. என்னைக் கேட்கவே இல்லை. எதிரே மனைவி புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. மடித்த புடவையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அந்தக் கேவலமான யோசனை வந்தது. வந்தபோது அது கேவலமாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிகவும் அழகாகத் தெரிந்தது. கும்பகோணம் பஸ் திருநள்ளாறு வழியாகத்தானே காரைக்காலுக்கு வருகிறது? அக்காவை அங்கேயே இறக்கி, கோயிலைக் காட்டிவிட்டால், வழக்கப்படி அவள் நேராகக் கும்பகோணம்தான் போக வேண்டும். எங்கள் வீட்டுப் பக்கமே வர முடியாது. நான் யாருக்கும் 'இல்லை' சொல்ல வேண்டாம். ரயிலும் தவறாது. ஒரு கல்லில் எத்தனை மாங்காய் என்று நானே வியந்துகொண்டேன். உடனே திரும்பக் கூப்பிட்டேன்.

"அக்கா, நீ காரைக்கா வரைக்கும் வர வேணாம். திருநள்ளாறுலயே இறங்கிடு. நான் வந்து நிக்கிறேன்."

"நல்லதாப் போச்சு. பை கொஞ்சம் கனமா இருக்கும்டா."

"நான் தூக்கிக்கிறேன்."

மனைவியிடம், மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன், பெட்டியைத் தயாராக வை என்றேன்.

"அண்ணிய எங்க விட்டுட்டு வருவீங்க?"

"கோயிலுக்குப் போனவங்க நேரா அவங்க வீட்டுக்குத்தான போவணும்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதெல்லாம் உங்களுக்கு எப்பலேர்ந்து? கிரகணத்தன்னிக்கு வேணும்னே வடை சுடச் சொன்ன ஆளு நீங்க."

சனிக்கிழமை காலை. அக்கா பஸ்ஸிலிருந்து முதலில் பையை இறக்கினாள், பிறகு குடையை, கடைசியில் தன்னை. நடத்துநர் கை கொடுக்க வந்தார். "நீ விசில் ஊது, நான் இறங்கிக்கிறேன்" என்றாள். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை:

"என்னடா இது, இப்படிக் கெழவனா ஆயிட்ட?"

"நீ எனக்கு மூத்தவக்கா."

"நான் பொறந்தப்பவே இப்படித்தான் இருந்தேன். நீதான் மாறிட்ட."

வயதானவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். இளைஞர்கள் இதைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள், தேவையில்லை. அவர்கள் கைப்பேசி மாடல்களை ஒப்பிட்டுக்கொள்வது மாதிரிதான் இதுவும். அக்காவுக்கு என்னைவிட ஒரு மாத்திரை குறைவு. அது அவளுக்குப் பெருமை. நளதீர்த்தம் போய்ச் சேரும்வரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தாள்.

குளத்தில் நல்ல கூட்டம். எண்ணெய் வழியும் தலைகள், குழந்தைகளின் கூச்சல், "அம்மா, புடிச்சுக்கோ, புடிச்சுக்கோ" என்று யார் யாரோ யார் யாரையோ பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்திலேயே வாழ்ந்தும் நான் அங்கே இறங்கிப் பல காலம் ஆயிற்று. அக்கா என் தலையில் எண்ணெயை ஊற்றி, தட்டித் தேய்த்து, கழுத்தைப் பிடித்து அழுத்தினாள். மூழ்கி எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன். உடுத்தி மூழ்கிய துணியைத் தண்ணீரில் விடக் கூடாது என்று இப்போது கரையில் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஈரப் புடவையை அக்கா அதில் போட்டபோது எனக்கு அந்தப் பச்சைக் கரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

"அக்கா, இது நான் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்ததுல்ல?"

"ஆமாம். சனியோட போவட்டும்னு வச்சிருந்தேன். கலராடா அது?"

பக்கத்தில் நின்ற திருச்சிக்காரர் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் கோபம் வரவில்லை. வரிசையில் நின்றோம், எள் விளக்கு ஏற்றினோம், முன்னால் நின்ற பெண்ணின் கைக்குழந்தைக்கு அக்கா காக்கா மாதிரி கத்திக் காட்டினாள். பயணம் என்றால் இதுதானோ, தெரியாதவர்களோடு சேர்ந்து இடிபடுவதுதான் இதில் சுகமோ என்றுகூடத் தோன்றியது. அந்த உற்சாகத்தில் நான் வந்த காரியம் மறந்தே போயிருந்தது. வெளியே வந்ததும் அக்காவே நினைவூட்டினாள்.

"ஆட்டோவக் கூப்புடு. பசி உயிரு போவுது. உன் பொண்டாட்டி என்ன ஆக்கியிருக்கா?"

நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். "அக்கா, இங்க வந்துட்டு வேற வீட்டுக்குப் போவக் கூடாதுல்ல. நேரா வீட்டுக்குத்தான் போவணுமாம். இங்கயே ஓட்டல்ல சாப்புடுவோம். கும்பகோணம் பஸ்ஸுல நானே ஏத்தி விடுறேன்."

"வேற வீடா? யாரு வீட்டச் சொல்ற?"

"நம்ம வீட்டத்தான்."

"நம்ம வீடுன்னு உன் வாயாலயே சொல்ற. அப்புறம் எப்படிடா வேற வீடாவும்? நான் பொறந்த வீடுடா அது."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இல்லக்கா, பொண்ணக் கட்டிக் கொடுத்துட்டா அப்புறம் முறைப்படி பாத்தா…" என்று இழுத்தேன். சாஸ்திரம் பேசுகிறவர்களை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கேலி செய்த அதே வாய்.

அக்கா குடையைத் தரையில் ஊன்றி நின்றாள். குரல் உயரவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"கும்பகோணத்து வீடு என் மவன் வீடு. காரைக்கா வீடு என் தம்பி வீடு. அப்ப நான் நேரா போவ வேண்டிய வீடு எதுடா? அதச் சொல்லு, போறேன்."

அவள் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். கனம் தாங்காமல் தோள் ஒரு பக்கம் இறங்கியது. காலையிலிருந்து அந்தப் பையைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு முழுக்குக்கு வந்தவளுக்கு இவ்வளவு கனமான பை எதற்கு என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"நாலு நாள் இருந்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றாள். "பேரனுக்குப் பரீட்ச. டி.வி.ய பொடவ போட்டு மூடி வச்சிருக்கா மருமவ. தப்புன்னு சொல்லல, புள்ள படிக்கணும். நான் ரூமுல உக்காந்து செவத்தப் பாத்துட்டு இருக்கேன். நாடகத்துல அந்தப் பொண்ணு வீட்ட விட்டுப் போனாளே, அவ என்ன ஆனான்னே தெரியல. சரி, வுடு. பஸ்ஸு எங்க நிக்கும்?"

சனியை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு பிறந்த வீட்டில் நாலு நாள் டி.வி. பார்க்க வந்திருக்கிறாள். நானும் அதே சனியைச் சாக்காக வைத்துத்தான் அவளை விரட்டினேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

டீக்கடை பெஞ்சில் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சாஸ்திரம் ஒன்றும் கிடையாது, சாயங்காலம் ரயில், அவளை வர வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் இப்படி ஒரு தந்திரம். இத்தனை வருஷமாக மனைவியை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. எதையும் மிச்சம் வைக்கவில்லை. அக்கா டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"எரும" என்றாள் முடிவில். "இத நேத்தே போன்ல சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொல்ல வரலக்கா."

"எப்படி வரும்? அப்பா வெளக்கெண்ண கொடுத்தா 'குடுங்கப்பா'ன்னு நல்ல புள்ள மாதிரி வாங்கிட்டுப் போயி சன்னல் வழியா ஊத்துவ. நான் வேணாம்னு சொல்லி அடி வாங்குவேன். இன்னும் சன்னல் வழியாவே ஊத்திக்கிட்டு இருக்க." டீக் கோப்பையை வைத்தாள். "மணி என்ன இப்ப?"

"பன்னெண்டு ஆயிட்டுது."

"அப்புறம் என்னடா உக்காந்து மூக்க உறிஞ்சிக்கிட்டு இருக்க? ஆட்டோவப் புடி!"

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. கதவு திறந்திருந்தது. அக்கா படியேறவில்லை. வேண்டுமென்றே தெருவில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, உள்ள வரலாமா? உன் புருஷன் இது எனக்கு வேற வீடுங்குறான்."

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. "அண்ணி, உங்க வீட்டுக்கு உங்கள வாங்கன்னு சொல்ல நாங்க யாரு? வெயில்ல நிக்காம உள்ள வாங்க. எல முன்னாடியே போட்டாச்சு."

மூன்று இலை போட்டிருந்தது. சாம்பார், உருளைக்கிழங்குக் கறி, அப்பளம், பாயசம்வரை. ரயிலுக்குக் கட்டுசோறு எதுவும் இல்லை. கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. பாதித் துணி பீரோவுக்குப் போய்விட்டிருந்தது.

"நீ கிளம்பலையா?" என்றேன்.

"நீங்க அண்ணிய கூட்டிட்டுத்தான் வருவீங்கன்னு தெரியும். அதான் எடுத்து வச்சுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருந்தது, கொடியிலிருந்து துணியை எடுத்துவிட்டேன் என்கிற மாதிரி சொன்னாள். நான் கொடுத்த வாக்குக்கு அந்த வீட்டில் எவ்வளவு மதிப்பு என்பது அந்தத் திறந்த பெட்டியைப் பார்த்தபோது தெரிந்தது. விருந்தாளிகளுக்கெல்லாம் நல்லவனாக இருந்துவிட்டு, உள்ளே இருப்பவள் என் பேச்சை நம்பாத அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். இதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், பீரோவைத் திறந்து அவள் புடவைகளை எடுத்து நானே பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. அடுக்கினேன் என்பதைவிடத் திணித்தேன் என்பது சரி.

"அது வெளுக்கப் போடுறதுக்கு வச்சது" என்றாள் மனைவி. ஆனால் சிரித்துவிட்டாள்.

அதற்கு மேல் வீட்டை அக்கா எடுத்துக்கொண்டாள். "சோத்தத் தின்னுட்டு ரெண்டு பேரும் கெளம்புங்க. மிச்சச் சோத்துல தயிரு ஊத்திப் பெசைஞ்சு தர்றேன், ரயிலுல சாப்புடுங்க. நான் இங்க இருந்துக்குறேன்."

"தனியாவா அண்ணி? ராத்திரில பயமா இருக்காது?"

"எனக்கென்ன பயம்? பொறந்ததுலேர்ந்து இந்த வீட்டுல நான் தனியா இருந்ததே இல்ல. மொதல்ல அம்மா அப்பா, அப்புறம் இவன் பொறந்து தொலைச்சான். நாலு நாளு நான் மட்டும் இருந்து பாக்குறேனே! அடுப்பு எப்படிப் பத்த வைக்கிறதுன்னு மட்டும் காட்டிட்டுப் போ. அந்த டி.வி.யில நாடகம் எந்த நம்பரு?"

மனைவி முந்தானையில் முடிந்திருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அக்காவின் கையில் கொடுத்தாள். அவள் அதை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை, என்னிடமும் கொடுத்ததில்லை. நாங்கள் ஆட்டோவில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அக்கா வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள். அசைத்த கையில் டி.வி. ரிமோட் இருந்தது.

ரயில் நகர்ந்ததும் எனக்குள் என்னவோ குதித்தது. ஸ்டேஷனில் நின்ற எல்லாருக்கும் கையசைக்க ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் அங்கேதான் தொற்றியது. நாகூரில் ஏறிய ஒரு பாய் குடும்பம் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, உட்கார்ந்த கையோடு டப்பாவைத் திறந்து, வாடா என்கிற அவர்கள் ஊர் வடையை எங்களுக்கும் கொடுத்தது. நாகப்பட்டினம் தாண்டியதும் எழுந்து போய்க் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்தேன். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீரும் வந்தது. இவ்வளவுதானா! இதற்காகவா இத்தனை காலம்? திரும்பி வந்து உட்கார்ந்து, எதிரே இருந்தவர்களுக்குக் கேட்காதபடி மனைவியிடம் சொன்னேன்.

"விருந்தாளி வர்றாங்கன்னு சொன்னதெல்லாம் சும்மா. எனக்கு வெளியூரு பாத்ரூம்னா பயம். அதான் எங்கயும் வரல."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தீங்களே, ரெண்டு நாளும் குளிக்கல. எங்கம்மா மாப்பிள்ளைக்குக் காய்ச்சலான்னு கேட்டாங்க."

"ஏன் ஒரு வார்த்த கேக்கல என்ன?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். வெளியே நடவு முடிந்த வயல்களில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "கொஞ்சம் லேட்டாத்தான் சொல்லியிருக்கீங்க. பரவால்ல. தயிர் சாதம் சாப்புடுறீங்களா?"

அவள் பொட்டலத்தைப் பிரிக்கும்போது என் கைப்பேசி அடித்தது. சேலத்தில் இருக்கும் சித்தப்பா மகன். எடுத்தேன்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? அடுத்த சனிக்கிழம திருநள்ளாறு வரலாம்னு இருக்கோம். நாங்க அஞ்சு பேரு. வெள்ளிக்கிழம சாயங்காலமே வந்துடட்டுமா?"

"வா…" என்று வாய் திறந்துவிட்டது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரித்த பொட்டலத்தின் மேல் அவள் கை அப்படியே நின்றது. எனக்கு அந்தப் பிரித்து மடித்த புடவை நினைவுக்கு வந்தது.

"வா… வர வேணாம்ப்பா" என்றேன். "அடுத்த சனிக்கிழம நாங்க ஊர்ல இல்ல. கோயில் பக்கத்துலயே நல்ல லாட்ஜ் எல்லாம் இருக்கு, அதுல தங்கிக்குங்க."

"அப்படியாண்ணே? சரிண்ணே, பரவால்ல. லாட்ஜே வசதிண்ணே" என்று அவன் வைத்துவிட்டான். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அவன் குரலில் எனக்கு நிம்மதிகூடக் கேட்டது. எங்கள் வீட்டில் தங்கினால் கடைப் பக்கம் அவன் கொஞ்சம் சுற்றிவிட்டு வர முடியாதே!

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "அடுத்த சனிக்கிழமைக்குள்ள நாமதான் வந்துடுவோமே?"

"தெரியும்."

"அப்ப பொய்யா?"

"பொய் இல்ல. அன்னிக்கும் எங்கயாவது போயிடுவோம்."

"எங்க?"

"நீயே சொல்லு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைத் திறந்தாள். தஞ்சாவூர் வரும்வரை நிமிரவில்லை. தயிர் சாதம் முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. அக்கா இன்னும் கும்பகோணம் போகவில்லை. வீட்டை விட்டுப் போன அந்தப் பெண் திரும்பி வந்த பிறகுதான் போவாளாம். நாடகத்தில் அது இப்போதைக்கு நடக்கிற மாதிரி தெரியவில்லை. சாவிக்கொத்து அவள் இடுப்பிலேயே இருக்கிறது, மனைவியும் திருப்பிக் கேட்கவில்லை. பெட்டி மறுபடியும் கூடத்தில் நிற்கிறது, மூடித் தாழிட்டபடி. விடிந்ததும் கிளம்புகிறோம். எந்த ஊர் என்று மனைவி எனக்கு இன்னும் சொல்லவில்லை. பாத்ரூம் நல்லா இருக்கும், பயப்படாதீங்க என்று மட்டும் சொன்னாள்.